மருந்தாய் வந்த கசப்பு: கருஞ்சாக்லேட்டின் வரலாறு

தீபாவளித் தட்டில் மைசூர்ப்பாகும் அதிரசமும் முறுக்கும் வைத்து அண்டை வீட்டாருக்கு அனுப்பும் வழக்கம், ஊர் விட்டு வந்து வாழும் நம்மவரிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. ஆயினும் அத்தட்டில் இப்போது மினுக்குத்தாள் சுற்றிய சாக்லேட்டுப் பெட்டியொன்றும் இடம் பிடித்துக்கொண்டது. அதனினும் வியப்பு யாதெனின், நீரிழிவு உண்டென்று மைசூர்ப்பாகைக் கையால் தள்ளும் பெரியவர், 'இது டார்க் சாக்லேட்டு, இருதயத்திற்கு நல்லது' என்று யாரேனும் சொல்லக் கேட்டதும், இரண்டு துண்டை எடுத்து வாயிலிட்டுக்கொள்வதேயாகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையைக் கைவிட்டு, இதனையே நாள்தோறும் உண்டு வருவாரும் உளர். ஒரு தின்பண்டம் மருந்தின் இருக்கையில் ஏறி அமர்ந்தது எங்ஙனம்? அவ்விருக்கையில் அதற்குள்ள உரிமை எவ்வளவு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணச் சில நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஏனெனில், சாக்லேட்டு முதலில் மருந்தாயிருந்து பின்னர்த் தின்பண்டமாயிற்று. இன்று மீண்டும் மருந்தாக முயல்கின்றது.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் மேல் அமேசான் காட்டுப் பகுதியாகும். ஈக்வடார் நாட்டில் சாந்தா அனா லா புளோரிடா என்னுமிடத்தில் கிடைத்த பழங்கலங்களை ஆராய்ந்தோர், அங்கு வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்னரே கொக்கோவைப் பயன்படுத்தினர் என்று 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் நடு அமெரிக்காவில் மாயர், அஸ்தெக்கர் முதலிய மக்களிடையே அது பெருஞ்சிறப்பு எய்தியது. குவாத்தமாலாவில் ரியோ அசூல் என்னும் இடத்துக் கல்லறையொன்றில் 1984-இல் ஒரு கலம் கண்டெடுக்கப்பட்டது. அதன்மேல் 'ககவ்' என்று மாயர் எழுத்தில் பொறித்திருந்தது. அதனுள்ளே கொக்கோவின் எச்சமும் இருந்தது. அஸ்தெக்கர் கொக்கோ விதையை நாணயமாகவும் வழங்கினர். காசாகச் செலவிடத்தக்கதை அரைத்துக் குடிப்பதெனின் அது செல்வர்க்குரிய குடியாக இருந்தது இயல்பேயன்றோ?

அக்குடி இனிப்பானதன்று. வறுத்த விதையை அம்மியில் அரைத்து, நீரிற் கரைத்து, மிளகாயோ மக்காச்சோள மாவோ மணமலர்களோ கூட்டி, ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு உயரத்தினின்று ஊற்றி நுரை எழுப்புவர். நம்மவர் காபியை ஆற்றும் காட்சியை இங்கே நினைவு கூரலாம். சர்க்கரை அந்நாட்டில் அன்று இல்லை. சாக்லேட்டின் தொல்வரலாறு முழுவதும் கசப்பின் வரலாறே என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம். பின்னர் வரும் செய்திகட்கு இது திறவுகோல்.

மார்த்தின் தெ லா குரூசு என்னும் அஸ்தெக்க மருத்துவர் 1552-இல் இயற்றிய மூலிகை நூல், அரசாங்க அலுவலில் உழன்று களைத்தோர்க்குச் செய்யும் சிகிச்சையில் வேறு பல மலர்களோடு கொக்கோ மலரையும் சேர்க்கின்றது. அலுவலகங்களில் உழலும் நம் சங்கத்தார் பலர் இதனைக் கேட்டு மகிழக்கூடும். ஆயின் அங்குக் கூறப்படுவது மலரேயன்றி விதையன்று! அதே நூற்றாண்டில் அஸ்தெக்கப் பெரியோர் வாய்மொழிகளைத் தொகுத்த சகாகூன் என்னும் துறவி, கொக்கோவை அளவோடு பருகின் புத்துணர்ச்சி தருமென்றும், பசுங்கொக்கோவை மிகுதியாகக் குடிப்பின் தலை சுற்றி மயங்கச் செய்யுமென்றும் பதிந்து வைத்தார். நன்மையும் தீமையும் அளவைப் பொறுத்தன என்னும் இவ்வறிவு, ஐரோப்பியர் அதனைக் காண்பதற்கு முன்னரே அம்மக்களிடம் இருந்தது.

கொலம்பசு 1502-இல் தம் நான்காம் பயணத்தின்போது, ஒண்டூராசுக் கடற்கரையை அடுத்த குவானகா தீவருகே வணிகத் தோணியொன்றைக் கண்டார். அதில் இருந்த விதைகள் சில கீழே சிந்தியபோது, தம் கண்களே கழன்று வீழ்ந்தாற்போல அத்தோணியினர் பதறிக் குனிந்து பொறுக்கினர் என்று அவர் மைந்தர் எழுதியுள்ளார். அவ்விதையின் அருமையைக் கொலம்பசு அறிந்திலர். அடுத்து வந்த இசுபானியர் அறிந்தனர். ஆயினும் அக்கசப்பை அவர்களால் விழுங்க முடியவில்லை. கரும்புச் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் கூட்டிச் சூடாகப் பருகலாயினர். அவ்வடிவத்திலேயே அது ஐரோப்பா சென்றது.

சென்ற இடத்தில் அதற்கு முதலிற் கிடைத்த வரவேற்பு மருத்துவரிடமிருந்துதான். அக்காலத்து ஐரோப்பிய மருத்துவம் கிரேக்கரான காலன் வகுத்த நெறியில் நின்றது. பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் பகுப்பதுபோல, அவர்களும் எல்லா உணவையும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று பகுத்தனர். புதிதாக வந்த கொக்கோவை எவ்வகையில் அடக்குவது என்பதில் பெரும் பூசல் விளைந்தது. இரண்டாம் பிலிப்பு மன்னனின் மருத்துவராக 1570-களில் மெக்சிகோவில் ஆய்வு செய்த பிரான்சிசுகோ எர்னாந்தசு அது குளிர்ச்சியின் பாற்படும் என்றார். அந்தோனியோ கொல்மெனேரோ என்னும் மருத்துவர் சாக்லேட்டுக்கென்றே தனி நூலொன்றை 1631-இல் மாட்ரிட் நகரில் வெளியிட்டார். இலண்டனில் என்றி இசுடப்பு என்பார் 1662-இல் மற்றொரு நூல் எழுதினார். நோன்பு நாளில் சாக்லேட்டுப் பருகினால் நோன்பு கெடுமா என்னும் வழக்கும் எழுந்தது. பிரான்காச்சியோ என்னும் கர்தினால், நீர்ப்பொருள் நோன்பை முறிக்காது என 1664-இல் நூலெழுதி வாதிட்டார். ஏகாதசியன்று எந்தப் பலகாரம் விரதத்தில் அடங்கும் என்று வழக்காடும் குடும்பங்களில் பிறந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

அறிஞர் கருத்து எவ்வளவு விரைவில் மாறியது என்பதைக் காட்டப் பிரெஞ்சுப் பெருமாட்டி செவிஞ்ஞே தம் மகளுக்கு எழுதிய கடிதங்களைவிடச் சிறந்த சான்று இல்லை. 1671 பிப்ரவரியில், உறக்கமின்றி நலிந்த மகளைச் சாக்லேட்டுப் பருகுமாறு தாய் அறிவுறுத்துகிறார். அதே ஆண்டு ஏப்ரலில், அதனைப் புகழ்ந்தவரெல்லாம் இப்போது இகழ்கின்றனர் என்றும், நெஞ்சு படபடப்பிற்கு அதுவே காரணமென்கின்றனர் என்றும் எழுதி அதனை விலக்கச் சொல்கிறார். அக்டோபரில் மீண்டும் அதனோடு சமாதானம் செய்துகொண்டு, ஒரு நாள் உண்டது செரிக்கவும், மறுநாள் மாலை வரை பட்டினி கிடக்கவும் தாமே பருகியதாகத் தெரிவிக்கிறார்! சாக்லேட்டை மிகுதியாகப் பருகிய கருவுற்ற பெருமாட்டி ஒருத்தி கரிய குழந்தையைப் பெற்றாள் என்னும் வம்பும் அக்கடிதங்களில் உண்டு. ஒன்பது திங்களில் மூன்று தீர்ப்புகள். இன்றைய செய்தித்தாள்களில் ஒரு கிழமை 'சாக்லேட்டு நல்லது' என்றும் மறு கிழமை 'சாக்லேட்டு தீது' என்றும் படித்துச் சலிப்போர், இச்சலிப்பு மூன்றரை நூற்றாண்டுப் பழமையுடையது என்று அறிந்து ஆறுதல் பெறலாம்.

பின்னர் அது மருந்துக் கடையிலேயே நிலைபெற்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வித்திட்ட ஆன்சு சுலோன் என்னும் மருத்துவர், தாம் 1687 முதல் 1689 வரை சமேக்காத் தீவில் தங்கியபோது கண்ட கொக்கோவைப் பாலுடன் சேர்த்துப் பரிந்துரைத்தார் என்பர். அவர் பெயர் தாங்கிய பால் சாக்லேட்டு, வயிற்றுக்கு இலேசானது, காச நோயாளர்க்கு உகந்தது என்னும் விளம்பரத்துடன் இலண்டனில் விற்கப்பட்டது. பிரிசுடல் நகரில் 1761-இல் சாக்லேட்டுத் தொழிலை விலைக்கு வாங்கிய சோசப்பு பிரை என்பாரும் மருந்து செய்து விற்பவரே. பாரிசு நகரத்துச் சுல்பிசு தெபோவு, மருந்தின் கசப்பைப் பொறுக்காத அரசி மாரி அந்துவனேத்துக்காக அதனைச் சாக்லேட்டு வில்லையில் பொதிந்து கொடுத்தார் என்று கூறுவர். மாத்திரையை வாழைப்பழத்தில் ஒளித்து ஊட்டும் நம் தாய்மார்க்கு அவ்வுத்தி சொல்லித்தர வேண்டுவதில்லை.

அம்மருத்துவரெல்லாம் வெறுங்கதை கூறினர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதனோடு சர்க்கரையும் பாலும் சேர்ந்தால், உண்ணாது மெலிந்து கிடந்த நோயாளி நாளடைவில் தேறுவது உறுதி. எடை கூடியது, முகம் தெளிந்தது, மருந்து பலித்தது என்றனர். அமெரிக்கப் படையினர்க்காக எர்சி நிறுவனம் 1937-இல் செய்தளித்த நெருக்கடிக்கால உணவுக் கட்டியும் இக்கணக்கில் எழுந்ததுதான். நான்கு அவுன்சு எடையில் 600 கலோரி அடங்க வேண்டும். வீரர்கள் ஆசையால் முன்கூட்டியே தின்றுவிடாதபடி, வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேலான சுவை இருந்தால் போதும் என்பது படைத்துறையின் கட்டளை. பசித்த உடம்புக்கு அன்று மருந்தாயிருந்த அக்கொழுப்பும் சர்க்கரையுமே, நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்து மூவேளையும் வயிறார உண்ணும் நமக்கு இன்று தீங்காய் நிற்கின்றன. பொருள் மாறவில்லை, உண்பவன் மாறினான்.

இனி, கசப்புக்கு நேர்ந்த கதையைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். கொக்கோவிற்குக் கசப்பும் துவர்ப்பும் தருவனவற்றுள் தலையாயவை பிளேவனால் என்னும் பொருள்கள். நம் தேயிலையின் துவர்ப்பும் அவ்வினத்ததே. இரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருள் ஊறுதற்கு இவை துணைசெய்கின்றன. அது ஊறினால் குழாய் சற்றே விரியும். விரிந்தால் அழுத்தம் தணியும். சாக்லேட்டின் நன்மை என்று இன்று பேசப்படுவதன் பெரும்பகுதி இவ்வொரு வினையைச் சார்ந்தது. ஆதலின் நன்மை தங்குமிடமும் கசப்புத் தங்குமிடமும் ஏறத்தாழ ஒன்றே.

ஆனால் மிட்டாய் செய்வோனுடைய கலையோ கசப்பை நீக்கும் கலை. காயை உடைத்து, வெண்சதையோடு கூடிய விதைகளைக் குவித்துப் பல நாள் புளிக்க வைக்கின்றனர். அப்போதே பிளேவனாலில் ஒரு பகுதி மறைகின்றது. வெயிலில் உலர்த்துகையிலும் வறுக்கையிலும் மேலும் குறைகின்றது. ஒல்லாந்து நாட்டு வான் கௌட்டன் குடும்பத்தினர் 1828-இல் கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைப் பிரிக்கும் பொறிக்கு உரிமை பெற்றனர். பிழிந்தெடுத்த தூள் நீரில் எளிதிற் கரையும்படியும், நிறம் கறுக்கும்படியும், துவர்ப்பு அடங்கும்படியும் அதனைக் காரத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையையும் வகுத்தனர். இக்காரமே பிளேவனாலுக்குக் கூற்றுவன். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, காரம் படாத கொக்கோத் தூளில் கிராமுக்குச் சராசரி 34.6 மில்லிகிராம் பிளேவனால் இருந்தது; மிகுதியாகக் காரம் சேர்த்த தூளில் 3.9 மில்லிகிராமே எஞ்சியது. நிறம் மிகக் கறுத்திருப்பது நன்மை மிகுதிக்கு அடையாளம் என்று எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்குக. காரம் ஏறிய தூளே மிகக் கறுப்பு.

அதன்பின் வந்தவை விரைந்து வந்தன. பிரை குடும்பத்தார் 1847-இல் கடித்துத் தின்னும் சாக்லேட்டுக் கட்டியை வார்த்தனர். அக்காலத்தே இங்கிலாந்தில் கொக்கோவில் மாவும் செங்கற்பொடியும் கலந்து விற்றதை 'லான்செட்டு' மருத்துவ இதழ் அம்பலப்படுத்தியது. அந்நிலையில் 1866-இல் கலப்பில்லாக் கொக்கோவை வெளியிட்ட காட்பரி நிறுவனம், தூய்மையையே விளம்பரமாக்கிப் பெருஞ்செல்வம் ஈட்டியது. சுவிட்சர்லாந்தில் தானியேல் பீட்டர் 1875-இல் பால் சாக்லேட்டைச் செய்தார். ரோடால்பு லிண்ட்டு 1879-இல் நெடுநேரம் பிசைந்து நாவில் கரையும் மென்மையைத் தந்தார். மருந்துக் கடைக்காரர் பின்வாங்கினர், குழந்தைகள் முன்வந்தனர்.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் ஓர் ஏடு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-இல் மொலுக்கத் தீவுகளிலிருந்து கொக்கோக் கன்றுகளைக் கொணர்ந்து, குற்றாலத்தில் நட்டனர். சாதிக்காயும் கிராம்பும் தழைத்த அச்சாரல் மலையடிவாரத்தில் கொக்கோவும் வளர்ந்தது. ஆயினும் அது பெரும் பயிராகப் பரவவில்லை. 1960-களில் வயநாட்டுச் சுந்தேலில் காட்பரி நிறுவனம் மாதிரித் தோட்டம் அமைத்த பின்னரே கேரளத்திலும் கன்னடக் கடற்கரையிலும் தென்னைக்கும் கமுகுக்கும் இடையே அது பரவியது. 1980-களின் தொடக்கத்தில் விலை வீழ்ந்து உழவர் தவித்தபோது, காம்ப்கோ என்னும் உழவர் கூட்டுறவு அமைப்பு கொக்கோவைக் கொள்முதல் செய்யலாயிற்று. 1986-இல் புத்தூரில் தானே ஒரு சாக்லேட்டு ஆலையையும் நிறுவியது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் கொக்கோ நிற்பதைக் காணலாம்.

தின்பண்டமாகிவிட்ட சாக்லேட்டு மீண்டும் மருந்துச் சட்டை அணிந்ததற்குக் காரணம் பனாமா நாட்டுத் தீவுகளில் வாழும் குனா என்னும் பழங்குடியினர். அவர்கட்கு இரத்த அழுத்தம் தாழ்வாக இருப்பதை கீன் என்னும் மருத்துவர் 1944-இலேயே எழுதினார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்து நார்மன் ஆலன்பர்க்கு 1990-களில் அங்குச் சென்று ஆராய்ந்து, 1997-இல் தம் முடிவை வெளியிட்டார். தீவில் வாழும் குனாக்கள் உப்பைக் குறைவாக உண்பவர் அல்லர். எனினும் முதுமையிலும் அவர்கட்கு அழுத்தம் ஏறவில்லை. ஆனால் அதே குலத்தார் பிழைப்புத் தேடிப் பனாமா நகர்க்குக் குடியேறியபின், வயது ஏற ஏற அழுத்தமும் ஏறியது. ஆகவே இது பிறவிப் பேறன்று. தீவில் உண்ட ஏதோ ஒன்றின் பயன் என்று கருதி, அவர்கள் நாள்தோறும் பல குவளை பருகிய கொக்கோவைச் சுட்டினர். அடுத்து நடந்த ஆய்வுகட்கு மார்சு என்னும் பெரிய சாக்லேட்டு நிறுவனம் பொருளுதவி செய்தது.

ஊர் பெயர்ந்து நகர் புகுந்த நம் சங்கத்தாரை இவ்வரலாறு தனியே தொடாமல் இராது. ஆதலின் சற்று நின்று எண்ணுவோம். ஊரை விட்டவன் இழந்தது ஒரு குவளைக் கொக்கோ மட்டுந்தானா? தோணி வலித்தல், மீன் உணவு, நடை, உறவு சூழ்ந்த வாழ்வு, வாடகைக் கவலையற்ற உறக்கம் ஆகிய யாவும் அவனோடு நகர்க்கு வரவில்லை. குனாக்களிடையே நெடுங்காலம் பழகிய மானிடவியலறிஞர் சேம்சு ஔ, அவர்கள் பருகிய கொக்கோவின் அளவு மிகைப்படுத்தப்பட்டது என்றும், வேறு காரணங்களை ஆராயாது விட்டனர் என்றும் 2012-இல் எழுதினார். இம்மறுப்பு, முதலில் எழுந்த ஆரவாரத்தின் நூறில் ஒரு பங்கு காதுகளையும் எட்டவில்லை என்பது எம் கருத்து.

குனாக் கதை எவ்வாறாயினும், பின் வந்த சோதனைகள் கொக்கோவிற்கு ஒரு சிறு தகுதியை நிலைநாட்டின என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஒல்லாந்து நாட்டுச் சுட்பன் நகரில் 470 முதியவரைப் பதினைந்தாண்டுகள் கண்காணித்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கொக்கோவை மிகுதியாக உண்டோரிடையே இருதய நோய்ச் சாவு பாதியளவே இருந்தது. 'மிகுதி' என்றது நாளொன்றுக்கு நான்கு கிராம் அளவிலான கொக்கோவையே! செருமனியில் 44 பேர்க்கு நாள்தோறும் 6.3 கிராம் கருஞ்சாக்லேட்டைப் பதினெட்டுக் கிழமை கொடுத்ததில், மேலழுத்தம் 2.9 மில்லிமீட்டர் தணிந்ததாக 2007-இல் அறிவித்தனர். இத்தகைய முப்பத்தைந்து சோதனைகளில் பங்கேற்ற 1,804 பேரின் முடிவுகளை 2017-இல் கோக்ரேன் குழுவினர் ஒன்றுகூட்டிப் பார்த்தபோது, சராசரித் தணிவு 1.76 மில்லிமீட்டரே என்று தெரிந்தது. மேலழுத்தம் 160 உள்ளவர்க்கு இது ஒரு பொருட்டாகுமா? மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாக்லேட்டை நம்புவோர் இவ்வொரு எண்ணை மட்டுமேனும் நினைவில் வைத்தல் வேண்டும்.

யாவற்றினும் பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளிவந்தது. முதியோர் 21,442 பேரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் கொக்கோப் பிளேவனாலை உறையிலிட்டும், மறு சாரார்க்கு வெற்றுறையும் கொடுத்து மூன்றரை ஆண்டுக்கு மேல் பார்த்தனர். மாரடைப்பு முதலிய நிகழ்ச்சிகளின் மொத்தத் தொகை பத்து விழுக்காடு குறைந்தது. ஆயின் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே. இருதய நோயால் இறந்தோர் தொகை மட்டும் 27 விழுக்காடு குறைந்திருந்தது. அது ஆய்வின் முதன்மைக் குறியன்று. இச்சோதனைக்கும் மார்சு நிறுவனத்தின் துணை உண்டு. அன்பர்கள் கவனிக்க வேண்டுவது, கொடுத்தது உறை, சாக்லேட்டன்று. அவ்வளவு பிளேவனாலைக் கடைச் சாக்லேட்டிலிருந்து பெற முயல்வோன் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு விழுங்க வேண்டும் என்பதைக் கணக்கிடவும் இயலாது. ஏனெனில் கடைச் சாக்லேட்டின் உறையில் பிளேவனால் அளவை அச்சிடுவது அரிது. அமெரிக்க உணவு மருந்துத் துறையினர் 2023-இல், பிளேவனால் மிகுந்த கொக்கோத் தூளுக்கு மட்டும், 'சான்று மிகக் குறைவு' என்னும் எச்சரிக்கையோடு கூடிய விளம்பரத்திற்கு இசைந்தனர். சாக்லேட்டுக் கட்டிக்கு அவ்விசைவு கிட்டவில்லை.

நீரிழிவைப் பற்றியும் ஒரு சொல். செவிலியரும் மருத்துவத் துறையினருமாகிய அமெரிக்கரை நெடுங்காலம் கண்காணித்த ஆய்வொன்று 2024 டிசம்பரில் வெளியாயிற்று. கிழமைக்கு ஐந்து முறையேனும் கருஞ்சாக்லேட்டு உண்போர்க்கு நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைவென்றும், பால் சாக்லேட்டுக்கு அந்நன்மை இல்லையென்றும், அதனால் உடல் எடை கூடுகின்றதென்றும் கண்டனர். நீரிழிவு இல்லாதார்க்கு அது வாராதிருக்கும் வாய்ப்பைப் பற்றியது இது. வந்தவர்க்கு மருந்தென்று இவ்வாய்வு கூறவில்லை. மேலும், கண்காணிப்பில் கண்ட ஒப்புமையைக் காரணமென்று கொள்ளுதல் ஆகாது. சாக்லேட்டு மிகுதியாக உண்ணும் நாடுகளில் நோபல் பரிசு பெற்றோரும் மிகுதி என்று மெசர்லி என்னும் மருத்துவர் 2012-இல் எண்களோடு காட்டிக் குறும்பு செய்தார். அதனை மெய்யென்று நம்பிப் பிள்ளைகட்குச் சாக்லேட்டு வாங்கிக் கொடுத்தோரும் உலகில் இருந்திருப்பர்!

தீமைகளுள் முதலாவது அதன் கனம். எழுபது விழுக்காட்டிற்கு மேற்பட்ட கொக்கோவுடைய கருஞ்சாக்லேட்டு நூறு கிராமில் ஏறத்தாழ 600 கலோரியும், 43 கிராம் கொழுப்பும், 24 கிராம் சர்க்கரையும் உள்ளன. ஐம்பது விழுக்காட்டுக் கட்டியாயின் எஞ்சிய பாதியிற் பெரும்பங்கு சர்க்கரையே. அதற்கும் 'டார்க்' என்றே பெயர். நூறு கிராமில் 80 மில்லிகிராம் அளவு காபின் இருத்தலின், இரவு உணவுக்குப்பின் உண்டு உறக்கம் வரவில்லையென்று வருந்துவோர் காரணத்தைத் தொலைவில் தேட வேண்டா. நெஞ்செரிச்சல் உடையார்க்கும் அது ஆகாது. கொக்கோவில் ஆக்சலேட்டு மிகுதி. சிறுநீரகக் கல் உண்டானவர் மருத்துவரைக் கேளாது அதனை நாளும் உண்ணுதல் தகாது. பற்களைப் பொறுத்தவரை, சுவீடனில் விபகோம் மனநோய் மருத்துவமனையில் 1945 முதல் 1955 வரை நடந்த சோதனை ஒன்றுண்டு. இசைவு தரவியலாத நோயாளிகளுக்கு இனிப்பூட்டிப் பல் சொத்தையாவதைப் பார்த்த அச்செயல் அறத்திற்கு மாறானது. அதனால் அறிந்தது, பல்லில் ஒட்டும் இனிப்பை உணவின் இடைவேளைகளில் தின்பதே பெருங்கேடு என்பது. சாக்லேட்டு அங்கே மற்ற ஒட்டு மிட்டாய்களைவிடச் சற்றுக் குறைந்த குற்றவாளியாக நின்றது.

அண்மையில் எழுந்த கவலை வேறு. மண்ணில் உள்ள காட்மியத்தைக் கொக்கோ மரம் வேரால் உறிஞ்சி விதையிற் சேர்க்கின்றது. தென்னமெரிக்காவின் சில நிலங்களில் இது மிகுதி. ஈயமோ, விதையைத் திறந்த வெளியில் உலர்த்துங்கால் தூசியோடு ஒட்டுகின்றது. 2022-இல் அமெரிக்க நுகர்வோர் இதழொன்று 28 கருஞ்சாக்லேட்டுகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் இவ்விரு உலோகங்களும் காணப்பட்டன. அவற்றுள் 23-ஐ நாளும் ஓர் அவுன்சு உண்டால், இரண்டில் ஒன்றேனும் அவர்கள் கொண்ட வரம்பைத் தாண்டும். கொக்கோ மிகுந்த கட்டியில் இது மிகுதியாதல் இயல்பு. பிளேவனால் இருக்குமிடத்திலேயே இதுவும் இருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஐம்பது விழுக்காடு கொக்கோவுடைய சாக்லேட்டில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருத்தலாகாது என விதித்துள்ளது. கருவுற்ற மகளிரும் சிறுவரும் நாள்தோறும் உண்ணும் வழக்கத்தை மேற்கொள்ளாதிருத்தல் நலம்.

வாங்குவோர் உறையைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் படித்தல் வேண்டும். முதலில் எழுதியிருப்பது சர்க்கரையாயின், அதுவே அதில் மிகுதி. 500 அல்லது 501 என்னும் எண்ணுடன் 'அமிலச் சீராக்கி' என்று குறித்திருப்பின், அது பெரும்பாலும் மேலே கூறிய காரம் சேர்த்துப் பதப்படுத்தியதற்கு அடையாளம். எழுபது விழுக்காட்டிற்குக் குறையாத கொக்கோவுடைய கட்டியில், உணவை ஒட்டி, கட்டைவிரலளவு துண்டொன்று உண்போரை யாம் தடுக்கமாட்டோம். நீரிழிவுடையார் அத்துண்டின் சர்க்கரையையும் தம் நாட்கணக்கில் சேர்த்துக்கொள்க. மாத்திரை மட்டும் தன் இடத்திலேயே இருக்கட்டும். வீட்டில் நாய் வளர்ப்போர்க்கு இன்னும் ஒன்று சொல்லுதல் கடன். கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் விரைவிற் கழிக்கவல்லதன்று. சிறு நாயாயின் ஒரு கட்டியளவு கருஞ்சாக்லேட்டே அதன் உயிருக்கு இறுதியாகலாம். ஆதலின் பெட்டியை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.